வண்டிக்கு ஒரு காற்றுச் சும்மாடு



குழுக் கடனில் சுமை வண்டி வாங்கிய உறுப்பினர்கள் நம்மில் இருக்கிறார்கள். சிலர் வீட்டில் வீட்டுக்காரர் ஓட்டுகிறார், சிலர் வீட்டில் மகன் ஓட்டுகிறான். நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி, சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்திருப்பவர்களும் உண்டு. மாதத் தவணை கட்டுவது நாம்தான். ஆனால் வண்டியில் எதை மாற்றுவது, எதைப் புதிதாகப் பூட்டுவது என்ற முடிவு மட்டும் பட்டறையிலும் டீக்கடையிலும் நடந்து முடிந்துவிடுகிறது. பில் வந்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது. அப்படிப்பட்ட முடிவுகளில் ஒன்றைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம்.

ஓட்டுகிற தம்பி ஒருநாள் வந்து இப்படிச் சொல்லுவார்:

"அக்கா, லோடு ஏத்துனா வண்டி பின்னாடி உக்காந்துருது. ரெண்டு பக்கமும் ஏர் ஸ்பிரிங் போட்டுட்டா உக்காராது. அப்புறம் தைரியமா ரெண்டு டன் அடிக்கலாம்."

இந்தப் பேச்சில் முதல் பாதி சரி. ஏர் ஸ்பிரிங் போட்டால் வண்டி பின்னால் உட்காராது. இரண்டாவது பாதி தப்பு. ஏர் ஸ்பிரிங் போட்டாலும் போடாவிட்டாலும் வண்டி சுமக்கக் கூடிய எடை ஒன்றேதான். ஏன் என்று பார்ப்போம்.

சும்மாடு கணக்கு

நாம் தலையில் சுமை தூக்கும்போது சும்மாடு வைக்கிறோம். சும்மாடு இல்லாமல் தூக்கினால் தலை வலிக்கும், கூடை ஆடும். நல்ல கனமான சும்மாடாக வைத்தால் கூடை அசையாமல் உட்காரும், நடக்கவும் தோதாக இருக்கும். அதற்காக, 30 கிலோ தூக்குகிறவள் பெரிய சும்மாடு வைத்துக்கொண்டு 60 கிலோ தூக்க முடியுமா? கழுத்து அதே கழுத்து, முட்டி அதே முட்டி. சும்மாடு எடையைக் குறைப்பதில்லை, எடை உட்காரும் விதத்தைத்தான் மாற்றுகிறது.

ஏர் ஸ்பிரிங் என்பதும் வண்டிக்கு வைக்கும் சும்மாடுதான். வண்டியின் கழுத்து எது, முட்டி எது என்று தெரிந்துகொண்டால் பாதி பாடம் முடிந்தது.

அடியில் குனிந்து பார்ப்போம்

வண்டி நிற்கும்போது பின்பக்கமாகப் போய் அடியில் குனிந்து பாருங்கள். பின் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்துக்கொண்டு குறுக்கே ஒரு தடித்த இரும்புக் குழாய் போல இருப்பது பின் ஆக்சில். அதற்கு மேலே, வண்டியின் நீளத்துக்கும் ஓடுகிற இரண்டு இரும்புச் சட்டங்கள்தான் சேஸ். இந்தச் சட்டத்துக்கும் ஆக்சிலுக்கும் இடையில், இரண்டு பக்கமும், வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி யு போல்ட்டால் இறுக்கியிருப்பார்கள். அதுதான் ஸ்பிரிங் பட்டை. பழைய குதிரை வண்டியில் இருந்த அதே வில்தான். அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சுமை ஏற ஏற அந்த வில் நிமிரும். சுமையை இறக்கினால் மறுபடி வளையும். சில வண்டிகளில் தனியாக ஒரு தடித்த பட்டை இருக்கும். சாதாரணச் சுமைக்கு அது சும்மா இருக்கும், வில் ஓரளவு நிமிர்ந்த பிறகுதான் அதுவும் தாங்கத் தொடங்கும். அதை ஹெல்பர் பட்டை என்பார்கள். ஹெல்பர் என்றால் உதவியாள். நம் பாடத்தில் வரும் ஏர் ஸ்பிரிங்கும் இதே வேலைக்கு வரும் இன்னொரு உதவியாள்தான்.

அளவுக்கு மேல் ஏற்றினால் வில் முழுக்க நிமிர்ந்துவிடும். அதற்கு மேல் அசைய இடம் இல்லை. அடுத்த பள்ளத்தில் சேஸ் வந்து ரப்பர் கட்டையில் 'டம்' என்று இடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஓட்டுநருக்கு ஏர் ஸ்பிரிங் யோசனை வருகிறது.

ஏர் ஸ்பிரிங் என்றால் என்ன?

சென்னை, பெங்களூர் போகிற தனியார் பஸ்களில் 'ஏர் பஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த பஸ்களை இரும்புப் பட்டைக்குப் பதிலாகக் காற்று அடைத்த ரப்பர்ப் பைகள் தாங்குகின்றன. அதனால்தான் குலுக்கல் குறைவு. பட்டறையில் இதை பலூன் என்றும் சொல்வார்கள். கார் மோதும்போது உள்ளே விரிகிற ஏர் பேக் வேறு, இது வேறு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிக்கப் வண்டிக்குப் போடுவது சின்ன அளவு. இரும்புப் பட்டையை எடுப்பதில்லை, அது அப்படியே இருக்கும். ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவில், ஒரு பக்கத்துக்கு ஒரு பை வீதம், இரண்டு பைகள். பையின் ரப்பருக்குள் டயரில் இருப்பது போலவே நூல் வலை வைத்துப் பலப்படுத்தியிருக்கும். ஒவ்வொரு பையிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் பின்பக்கம் வரும். முனையில் டயர் டியூபில் இருப்பது போன்ற வால்வு. அதில் காற்று அடிக்கலாம், இறக்கலாம்.

அமெரிக்காவில் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் இதை நிறையப் போடுகிறார்கள். வார நாளில் காலி வண்டியாக ஓட்டுவார்கள், விடுமுறைக்குப் பெரிய இழுவை வண்டியைப் பின்னால் மாட்டிக்கொண்டு போவார்கள். காலியாக ஓடும்போது மெத்தென்று இருக்க வேண்டும், சுமை ஏறும்போது பின்பக்கம் தாழக் கூடாது. அந்தத் தேவைக்காக அங்கே வளர்ந்த சாமான் இது. இதைத் தயாரிக்கும் கம்பெனிகளே, "இதைப் போட்டதால் வண்டிக்கு அனுமதித்த மொத்த எடை கூடாது" என்று தெளிவாக எழுதித் தருகின்றன. அந்த வரி பட்டறை வரைக்கும் வந்து சேர்வதில்லை!

காற்று எப்படி இவ்வளவு எடையைத் தாங்கும் என்று கேட்கலாம். கணக்கு சுலபம். டயர் கடையில் "30 பவுண்டு காத்து" என்று சொல்கிறோமே, அதற்கு அர்த்தம் ஒவ்வொரு சதுர அங்குல இடத்தையும் 30 பவுண்டு அளவுக்குக் காற்று தள்ளுகிறது என்பது. பையின் குறுக்களவு 6 அங்குலம் என்றால் அதன் பரப்பு ஏறக்குறைய 28 சதுர அங்குலம். அதில் 10 பவுண்டு காற்று இருந்தால் 280 பவுண்டு, அதாவது 125 கிலோ சொச்சம் மேலே தள்ளும். இரண்டு பையும் சேர்ந்து 250 கிலோ. காற்றைக் கூட்டினால் தள்ளும் பலமும் கூடும். நம் ஊரில் வழக்கமாகப் போடும் 'எக்ஸ்ட்ரா பட்டை'யைவிட இதில் இருக்கும் நன்மை இதுதான். கூடுதல் பட்டை போட்ட வண்டி காலியாக வரும்போதும் கல்லு மாதிரி குதிக்கும். முட்டை, தக்காளி, பால் ஏற்றுகிறவர்களுக்கு அந்தக் குதியால் வரும் நட்டம் தெரியும். காற்றுப் பையில் சுமைக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டில் ஒன்று போட்டே ஆக வேண்டும், அதுவும் பாதித் தூரம் காலியாக ஓடும் வண்டி என்றால், காற்றுப் பைதான் மேல் என்று நான் சொல்வேன். ஆனால் பட்டையைப் போட்டால் மறந்துவிடலாம். பையை மறக்க முடியாது, தினம் பார்க்க வேண்டும்.

அப்போ ரெண்டு டன் ஏன் கூடாது?

வண்டியின் எடை சாலைக்கு எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். சுமை சேஸில் உட்காருகிறது. சேஸிலிருந்து ஸ்பிரிங் வழியாக ஆக்சிலுக்கு வருகிறது. ஆக்சிலிலிருந்து வீல் பேரிங், அங்கிருந்து ரிம், டயர், பிறகு ரோடு. ஏர் ஸ்பிரிங் இந்த வரிசையில் ஒரே ஒரு இடத்தில், ஸ்பிரிங்குக்குத் துணையாக மட்டும் நிற்கிறது. ஆக்சிலும் பேரிங்கும் டயரும் வாங்கும் எடை ஒரு கிலோகூடக் குறைவதில்லை. வண்டியின் கழுத்தும் முட்டியும் இவைதான். இத்தனை எடையையும் நிறுத்த வேண்டிய பிரேக்கும் பழைய பிரேக்தான்.

டயரின் பக்கவாட்டில் அளவு எழுதியிருக்கும் இடத்துக்கு அருகே 106 அல்லது 104 போல ஓர் எண் இருக்கும். அது அந்த டயர் தாங்கும் எடைக்கான குறியீடு. 104 என்றால் 900 கிலோ, 106 என்றால் 950 கிலோ. அதுவும் சொன்ன அளவு காற்று இருந்தால்தான். பையில் எத்தனை காற்று அடித்தாலும் டயரில் இருக்கும் அந்த எண் மாறாது.

முன்பெல்லாம் வண்டி தாழ்ந்து, 'டம்' என்று இடித்து, "போதும், இறக்கு" என்று நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. ஏர் ஸ்பிரிங் போட்ட பிறகு அந்த எச்சரிக்கை நின்றுவிடும். 600 கிலோ அதிகமாக ஏற்றினாலும் வண்டி நேராக, அழகாக நிற்கும். பார்க்கிறவருக்கும் தெரியாது, ஓட்டுகிறவருக்கும் தெரியாது. பேரிங் சூடாவதும், டயர் வெடிப்பதும், இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவதும்தான் அடுத்து வரும் செய்தி.

பிரேக் விஷயம்: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

பல சுமை வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் சேஸுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கம்பியும் ஒரு சிறு வால்வும் இருக்கும். பார்த்தால் ஒன்றுமில்லாதது போல் தெரியும். வேலை பெரியது.

காலி வண்டியில் பிரேக்கை அழுத்தினால் பின் சக்கரம் சீக்கிரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். அதனால் காலியாக இருக்கும்போது பின் பிரேக்குக்கு அழுத்தம் குறைவாகப் போக வேண்டும். சுமை இருக்கும்போது நிறையப் போக வேண்டும். சுமை இருக்கிறதா இல்லையா என்று அந்த வால்வுக்கு எப்படித் தெரியும்? வண்டி தாழ்ந்திருப்பதை வைத்துத்தான். சேஸ் தாழ்ந்தால் கம்பி அசையும், வால்வு அதிக அழுத்தத்தை விடும்.

இப்போது ஏர் ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தாழாமல் நிறுத்திவிட்டோம். மேலே ஒன்றரை டன் இருக்கிறது. கம்பி அசையவில்லை. வால்வு என்ன நினைக்கும்? வண்டி காலி என்று நினைக்கும். பின் பிரேக்கைக் குறைத்துக் கொடுக்கும். நிறுத்த வேண்டிய வேலை முழுக்க முன் பிரேக் தலையில் விழும். வண்டி நிற்கும் தூரம் நீளும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வாழைத்தாரோ அன்னாசியோ ஏற்றிக்கொண்டு இறங்கும் வண்டிக்கு இது எப்படிப்பட்ட ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

எக்ஸ்ட்ரா பட்டை போட்டாலும் இதே சங்கதிதான்.

அதனால் பட்டறையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. "அண்ணே, நம்ம வண்டியில லோடுக்குத் தக்கன பிரேக் வால்வு இருக்கா? ஏர் ஸ்பிரிங் போட்டா அதை எப்படி அட்ஜஸ்ட் பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாதும்மா" என்று பதில் வந்தால் அந்தப் பட்டறையில் வேலை கொடுக்க வேண்டாம். வண்டி வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு ஏற்றலாம்? நாமே போடும் கணக்கு

ஆர்.சி.யை எடுங்கள். அதில் காலி எடை, சுமையோடு சேர்ந்த மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். உதாரணத்துக்கு, மொத்த எடை 2,700 கிலோ, காலி எடை 1,500 கிலோ என்று வைப்போம். கழித்தால் 1,200. இதை அப்படியே சரக்கு என்று எண்ணிவிடக் கூடாது. காலி எடையில் ஓட்டுநர் சேர்த்தி இல்லை. ஓட்டுநரும் கூடப் போகிறவரும் 130 கிலோ, தார்ப்பாயும் கயிறும் 20 கிலோ. மீதி 1,050. பிறகு இரும்புக் கூண்டு கட்டியிருந்தால் அதையும் கழிக்க வேண்டும்.

ஒரு டிரே தக்காளி, டிரேயோடு சேர்த்து 27 கிலோ என்றால் 38 டிரே ஏற்றலாம். 39-வது டிரேயில் கணக்கு தாண்டிவிடும். சிமெண்ட் மூட்டை ஒன்று 50 கிலோ, எனவே 21 மூட்டை. செங்கல் ஒன்று 3 கிலோ என்றால் 350. "ஆயிரம் கல் ஒரே நடை" என்றால் அது மூன்று டன்! எம் சாண்ட் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, நாலு டன்னுக்கு மேல். கால் யூனிட்டே ஒரு டன்னைத் தாண்டும். ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் நிரம்பினால் தண்ணீர் மட்டும் சரியாக ஒரு டன்.

கணக்குப் போட்டதை எடை மேடையில் சரிபார்ப்பது நல்லது. ஒருமுறை காலியாக, ஒருமுறை சுமையோடு. சுமையோடு நிற்கும்போது பின் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி நிறுத்தி இன்னொரு சீட்டும் வாங்குங்கள். மொத்த எடை சரியாக இருந்தும் சரக்கையெல்லாம் வாலில் அடுக்கியிருந்தால் பின் ஆக்சில் அளவைத் தாண்டியிருக்கும். ஏற்றப் பலகை மாதிரிதான் இது. பின் கதவைத் திறந்துவிட்டு அதற்கு மேலும் அடுக்கினால் பின்பக்கம் அழுந்தும், முன்பக்கம் தூக்கும், ஸ்டியரிங் லேசாகிவிடும். ராத்திரியில் முன் விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். கனமான சரக்கைப் பின் ஆக்சிலுக்கு முன்னால், கேபின் பக்கமாக அடுக்கச் சொல்லுங்கள். பலருக்குத் தாழ்கிற பிரச்சினை இதிலேயே பாதி தீர்ந்துவிடும், காசு செலவில்லாமல்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவின்படி, 2019 செப்டம்பர் 1 முதல் அளவுக்கு மேல் சுமை ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம். அதோடு கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். அதிகச் சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில். ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் சொன்னவரும் அனுமதித்தவரும் இதில் வருவார்கள். ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

38 டிரே ஏற்ற வேண்டிய வண்டியில் 60 டிரே ஏற்றுகிறோம், டிரேக்கு 20 ரூபாய் வாடகை என்று வைப்போம். கூடுதல் 22 டிரேக்கு ஒரு நடைக்கு 440 ரூபாய் கிடைக்கும். ஒருமுறை பிடிபட்டுக் கட்டும் 20,000 ரூபாயைத் திரும்பச் சம்பாதிக்க 46 நடை அதே தப்பைச் செய்ய வேண்டும். தேய்கிற டயரையும் கிளட்சையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இன்னொன்று. ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52-வது பிரிவு. அனுமதிக்காத மாற்றம் செய்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவில் இடமுண்டு. ஆகவே ஏர் ஸ்பிரிங் போடும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் கேட்டுவிடுங்கள். மனுவாக எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைப்பது நம் குழுக்களுக்குப் பழகிய வேலைதானே. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். விபத்து நடந்த பிறகு அவர்கள் சர்வேயர் வந்து அடியில் குனிந்து பார்ப்பார்.

தாழ்வதற்கு வேறு காரணம் இருக்கலாம்

சரியான எடைதான் ஏற்றுகிறோம், ஆனாலும் தாழ்கிறது என்றால்? அப்போது நோய் வேறு. உதவியாள் வைக்கும் முன் வீட்டு ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும்.

தையல் டேப் ஒன்று போதும். சமதளத்தில் வண்டியைக் காலியாக நிறுத்தி, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். இடது, வலது இரண்டும். ஒரு பக்கம் மட்டும் குறைவாக இருந்தால் அந்தப் பக்கத்துப் பட்டை விரிந்தோ உடைந்தோ இருக்கலாம். நடு போல்ட் வெட்டுப்பட்டிருந்தாலும், ஷாக்கிள் புஷ் தேய்ந்திருந்தாலும் வண்டி சாயும். இரண்டு பக்கமும் குறைந்திருந்தால் பட்டைகள் வயதாகி வளைவு இழந்திருக்கும். பட்டைகளைக் கழற்றி வளைத்துப் போட்டுத் தருகிறார்கள். சும்மா அடித்து வளைத்தால் சில மாதங்களில் மறுபடி படுத்துவிடும். சூடேற்றி டெம்பர் வைத்துத் தருவார்களா என்று கேட்டுக் கொடுங்கள். ரொம்பத் தேய்ந்தது என்றால் கம்பெனி அளவில் புதுப் பட்டை மாற்றுவதே நல்லது. உடைந்த பட்டையோடு காற்றுப் பை வைப்பது, முறிந்த காலுக்குச் செருப்பு மாற்றுவது போல.

எல்லாம் பார்த்தாயிற்று, போடுவது என்று முடிவானால்

எடை அளவுக்குள் இருக்கிறது, பட்டை நன்றாக இருக்கிறது, ஆனால் உயரமாக அடுக்கும் சரக்கு, மேடு பள்ளமான ரோடு, வண்டி ஆடுகிறது. இந்த நிலையில் ஏர் ஸ்பிரிங் உண்மையிலேயே உதவும். பிரேக் வால்வு, அனுமதி இரண்டையும் முடித்துக்கொண்டு போடலாம். உங்கள் வண்டி மாடலுக்கென்றே வரும் கிட்டாக வாங்குங்கள். பழைய பஸ் பலூனை வெட்டி வெல்டிங் வைத்து ஒட்டுகிற வேலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். சேஸில் வெல்டிங் வைத்தால் அந்த இடம் பலம் இழந்து பின்னால் விரிசல் விடும்.

பொருத்தும்போது கூட நின்று பாருங்கள். பை சைலன்ஸர் குழாய்க்குப் பக்கத்தில் வந்தால் நடுவில் தகடு வைத்து மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் வெந்துவிடும். பிரேக் குழாயிலோ டயரிலோ பை உரசக் கூடாது. காற்று அடித்தால் பை புடைக்கும், அதற்கும் சேர்த்து இடம் விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இரண்டு பைக்கும் தனித்தனி வால்வு வைக்கச் சொல்லுங்கள். "ஒரே வால்வு போதும்மா, டி போட்டு இணைச்சுடலாம்" என்பார்கள். அப்படி இணைத்தால் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கத்துப் பை அழுந்தி அதன் காற்று உள்பக்கத்துப் பைக்கு ஓடும். தாங்க வேண்டிய பக்கம் தளரும், தளர வேண்டிய பக்கம் தூக்கும், வண்டி இன்னும் சாயும்.

காற்று அளவு கிட்டோடு வரும் தாளில் இருக்கும். பல கிட்டுகளில் குறைந்தது 5 பவுண்டு, அதிகம் 100 பவுண்டு என்று போட்டிருக்கும். 100 வரை போகலாம் என்பதற்காக 100 அடிக்கக் கூடாது. சுமை ஏற்றியபின், காலியாக இருந்த உயரத்தைவிடக் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும் அளவுக்கு அடித்தால் போதும். சுமையை இறக்கிய உடனே காற்றையும் இறக்க வேண்டும். இறக்காவிட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு குதிரை மாதிரி குதிக்கும். அதற்காகக் காற்றே இல்லாமல் ஓட்டவும் கூடாது, பை மடிந்து இடுக்கில் நசுங்கிக் கிழியும். பஞ்சருக்கு வண்டியைச் சேஸில் ஜாக்கி வைத்துத் தூக்கும் முன்பும் காற்றை இறக்கிவிடுங்கள். ஆக்சில் தொங்கும்போது பை அளவுக்கு மேல் இழுபடும்.

டயர் கடை கம்ப்ரஸரில் அடிப்பதாக இருந்தால் கவனம். பை சின்னது, சில நொடிகளில் எகிறிவிடும். விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள். சைக்கிள் பம்பே போதும், கட்டுப்பாடும் இருக்கும். ஓர் இரவில் காற்று குறைந்திருந்தால் குழாய் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், முட்டை விடும் இடம்தான் கசிவு.

அடுத்த கூட்டத்துக்கு

வண்டி வைத்திருக்கும் உறுப்பினர்கள் அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஆர்.சி. நகலையும் ஓர் எடை மேடைச் சீட்டையும் கொண்டு வாருங்கள். ஊக்குநர் கரும்பலகையில் இரண்டு எண்களையும் எழுதி, அந்த வண்டி ஏற்றும் சரக்குக்குக் கணக்குப் போட்டுக் காட்டட்டும். கிடைத்த விடையை, "38 டிரே" என்றோ "21 மூட்டை" என்றோ, பெயிண்டால் பின் கதவின் உள்பக்கம் எழுதி வைக்கலாம். ஏற்றுக்கூலிக்கு வருகிறவர்களும் அதைப் பார்த்தே அடுக்குவார்கள்.

பிறகு இவற்றைப் பேசுங்கள். வண்டியின் பின் உயரத்தை மாதம் ஒருமுறை அளந்து யார் எழுதுவது? கூடுதல் சுமைக்கு வியாபாரி வற்புறுத்தினால் ஓட்டுநர் தம்பி யாருக்குப் போன் செய்வது? இரண்டு நடையாக அடித்தால் டீசலுக்கு ஆகும் கூடுதல் செலவை யார் ஏற்பது, வியாபாரியா, நாமா? மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் ஆகும். ஓட்டுநரையும் கூட்டத்துக்கு அழைத்து உட்கார வைத்துப் பேசி, முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.